எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பொருத்தம் பார்த்தாச்சா?

முதல்ல தீர்ப்பு, அப்புறம் விசாரணை. கிட் கார் கட்டப் போறவங்க முதலில் வாங்க வேண்டியது கியர்பாக்ஸ். அடுத்தது கிளட்ச். எஞ்சின் கடைசி. முதல் தடவை கட்டறவங்களா இருந்தா மூணையும் ஒரே காரிலிருந்து கழட்டிக்கிறது உத்தமம். இதைச் சொன்னா இங்கே இங்கிலாந்தில் கராஜ் வைத்திருக்கிற பாதிப் பேர் என்னை அடிக்க வருவாங்க. பரவாயில்லை. வாரம் அஞ்சு நாள் பொட்டி தட்டிவிட்டு சனி ஞாயிறு மட்டும் கையில் கிரீஸோடு திரிகிற ஒரு கவென்ட்ரிவாசியின் சொந்தக் கருத்து இது. :-)

கிட் கார்னா என்னன்னு கேக்கிற நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சேசிஸ், பாடி எல்லாம் ஒருத்தர் செஞ்சு விப்பார், இல்லேன்னா நீங்களே இரும்புக் குழாய் வாங்கி வெல்டிங் பண்ணிக்கணும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்டீயரிங் மாதிரி சாமான்களை ஒரு பழைய காரிலிருந்து கழட்டிப் போடணும். அந்தப் பழைய காருக்கு இங்கே டோனர் என்று பேர். உடல் தானம் தான்.

இந்தப் பழக்கம் பிரிட்டனில் வேரூன்றியதற்கு வரியும் ஒரு காரணம். 1957-ல் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் காரைக் கொண்டு வந்தார். முழு காராக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் கிடையாது. வரி மிச்சம் பண்ண நடுத்தரக் குடும்பத்து ஆசாமிகள் ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டாங்க. 1973-ல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போச்சு, பழக்கம் போகலை. அதே 1973-ல் செவனைத் தயாரிக்கும் உரிமையை கேட்டர்ஹாம் வாங்கிக்கொண்டது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் போட, செவன் ஜாடையில் ஆயிரக்கணக்கான கராஜ்களில் வெல்டிங் பொறி பறந்தது.

அந்தக் காலத்தில் பொருத்தப் பிரச்சினை பெரிசா இல்லை. டோனர் பெரும்பாலும் ஃபோர்டு எஸ்கார்ட். எஞ்சின் முன்னாடி நெடுக்குவாட்டில், பின்னால கியர்பாக்ஸ், கடைசியில் பின்சக்கரம். செவனும் அதே அமைப்பு. அப்படியே தூக்கி வைத்தால் உட்காரும். ஆனா 1980-ல் வந்த மூன்றாம் தலைமுறை எஸ்கார்ட் முன்சக்கர கார் ஆயிடுச்சு. அடுத்த டோனர் 1982-ல் வந்த சியரா. அதுவும் 1993-ல் நின்று, அதன் இடத்துக்கு வந்த மாண்டியோவும் முன்சக்கரம் தான். அதாவது எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

இங்கே தான் வினை ஆரம்பம். புது எஞ்சின் வேணும், அது முன்சக்கர கார்லதான் கிடைக்கும். கியர்பாக்ஸோ பின்சக்கர காருக்கானது வேணும், அது பழைய கார்லதான் இருக்கும். ரெண்டும் பிறந்த வருஷம் வேற, குலம் கோத்திரம் வேற. இதுங்க ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கணும். அதிகம் நடக்கிற சம்பந்தம் மாண்டியோ, ஃபோக்கஸ் கார்களில் வந்த ஃபோர்டு செட்டெக் எஞ்சினுக்கும், சியராவில் வந்த டைப் 9 என்கிற அஞ்சு கியர் பெட்டிக்கும்.

நம்ம ஊரில் பத்துப் பொருத்தம் பார்ப்பாங்க. இதில் நான் ஏழு பொருத்தம் பார்க்கச் சொல்றேன்.

ஒன்று, பெல்ஹவுசிங். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற மணி வடிவ உறை. எஞ்சினின் பின்முகத்தில் இருக்கும் போல்ட் துளைகளும் இதன் துளைகளும் ஒத்துப் போகணும். அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, இடத்தைச் சரியா நிறுத்துவது போல்ட் இல்லை, டவல் என்கிற சின்ன குழாய் ஊசிகள். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். டவல் இல்லாமல் பூட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. ஒரு நூல் பிசகினாலும் பேரிங் கத்தும். செட்டெக்கைப் பொறுத்தவரை 1.8 சிவிஎச் எஞ்சின் போட்ட சியராவின் பெல்ஹவுசிங் பொருந்தும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம்.

இரண்டு, இன்புட் ஷாஃப்ட்டின் நீளமும் அதன் மூக்கு உட்காரும் ஸ்பிகாட் பேரிங்கும். பின்சக்கர கார்களில் இந்த ஷாஃப்ட்டின் நுனியை கிராங்க் ஷாஃப்ட்டின் நடுவில் ஒரு குட்டி பேரிங் தாங்கும். முன்சக்கர காருக்குப் பிறந்த எஞ்சினில் பொதுவா அது இருக்காது. அங்கே அது தேவையும் இல்லை. நாம தான் செஞ்சு போடணும். போடலைன்னா ஷாஃப்ட் நுனி தொங்கும், கிளட்ச் சரியா விடாது, கொஞ்ச நாளில் கியர்பாக்ஸ் முன் பேரிங் காலி.

மூன்று, ஸ்ப்ளைன். கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில் இருக்கும் பல் வரிசை. டைப் 9-க்கு ஒரு அங்குலம், 23 பல். பிளேட்டின் வெளிவட்டம் எஞ்சினின் ஃப்ளைவீலுக்குப் பொருந்தணும், உள்வட்டம் கியர்பாக்ஸுக்குப் பொருந்தணும். மாமியார் வீடு, அம்மா வீடு ரெண்டுக்கும் நல்ல பேர் வாங்க வேண்டிய ஜீவன் இது.

நான்கு, கிளட்ச் தாங்குமா என்கிற கணக்கு. இது பள்ளிக்கூட இயற்பியல் தான். உரசும் முகங்கள் இரண்டு, உராய்வு எண் 0.3, ஸ்பிரிங் அழுத்தம் 4,000 நியூட்டன், சராசரி ஆரம் 0.09 மீட்டர்னு வெச்சுக்குங்க. நாலையும் பெருக்கினா 216 நியூட்டன் மீட்டர். இரண்டு லிட்டர் செட்டெக் சுமாரா 175 முதல் 180 வரை டார்க் கொடுக்கும். ஆக இருபது சதவீதம் கையிருப்பு. போதும். "எதுக்கும் இருக்கட்டும்"னு ரேஸ் கிளட்ச் வாங்கிப் போடறவங்க உண்டு. பெடல் கல்லாட்டம் இருக்கும், கேபிள் அறுந்து போகும், ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் வாஷரில் அழுத்தம் ஏறும்.

ஐந்து, விடுவிக்கும் அமைப்பு. சியராவில் கேபிள் இழுக்க, ஃபோர்க் அசைந்து, ரிலீஸ் பேரிங் கிளட்ச் கவரின் விரல்களை அழுத்தும். அந்த விரல்களின் உயரம் கவருக்குக் கவர் மாறும். கவரை மாத்திட்டு பேரிங்கை மாத்தலைன்னா ஒண்ணு கிளட்ச் முழுசா விடாது, இல்லேன்னா எப்பவும் அரைகுறையா அழுத்திக்கிட்டே இருந்து எரியும். ஹைட்ராலிக் போட்டா பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரும் கிளட்ச் பக்கத்து சிலிண்டரும் அளவில் ஒத்துப் போகணும்.

ஆறு, ஸ்டார்ட்டர் மோட்டார். அதன் பல் சக்கரம் ஃப்ளைவீல் விளிம்பில் இருக்கும் பல்லோடு சரியான ஆழத்தில் கடிக்கணும். எந்தப் பக்கம் வருதுன்னும் பாக்கணும். ஸ்டீயரிங் கம்பியும் சைலன்சர் குழாயும் அதே இடத்துக்குப் போட்டி போடும்.

ஏழு, கியர் விகிதம். இதை யாருமே பாக்கிறதில்லை. ஆனா ஓட்டும்போது தினமும் உணரப் போறது இது ஒண்ணைத்தான்.

ஏன்னா சியரா ஆயிரம் கிலோவுக்கு மேல. செவன் ஜாடை கார் 550 கிலோ. நாலு சிலிண்டர் டைப் 9-ல் முதல் கியர் 3.65. நாலு பேரும் பெட்டி படுக்கையும் ஏத்திக்கிட்டு மலையேறப் போட்ட கியர் அது. பின்னால டிஃபரன்ஷியல் 3.92-ன்னு வையுங்க, டயர் 185/60-13. எஞ்சின் 6,000 சுற்று சுத்தினா முதல் கியரில் மணிக்கு சுமார் 44 கிலோமீட்டர் தான். காலை வெச்ச வேகத்தில் கியர் மாத்தணும். அப்புறம் இரண்டாவது கியர் 1.97. நடுவில் ஒரு பெரிய பள்ளம். இந்தக் கணக்கைப் போடாமல் "எங்கிட்ட 130 குதிரை இருக்கு"ன்னு பெருமை பேசறது, ஊருக்கே விருந்து வெச்சுட்டு பந்தியில் ஒரே ஒரு இலை போட்ட கதை.

குதிரைக் கணக்கையும் ஒரு தடவை போட்டுடுவோம். 550 கிலோ காரில் 100 குதிரைத்திறன் இருந்தா டன்னுக்கு 180-க்கு மேல. அதே எஞ்சின் சியராவில் இருந்தப்போ டன்னுக்கு நூறைத் தொடவே திணறும். எடை குறைஞ்சதிலேயே பாதி ஜெயிச்சாச்சு. அதுக்கு மேல எஞ்சினைத் தேடி அலையறது ஆசை, தேவை இல்லை.

இதில் என்ன இருக்கு, தப்பா வாங்கினா வித்துட்டு வேற வாங்கிக்கலாமேன்னு கேக்கலாம். பணம் போனா வரும். எது வராதுன்னு சொல்றேன்.

லெஸ்டரில் ஒரு நண்பர், திருச்சிக்காரர். மகனுக்குப் பதினாலு வயசு ஆனப்போ ரெண்டு பேருமா சேர்ந்து கார் கட்ட ஆரம்பிச்சாங்க. பதினேழு வயசில் பையன் லைசென்ஸ் எடுக்கும்போது கார் ரெடியா இருக்கணும் என்பது திட்டம். நண்பர் படிச்சவர், கெட்டிக்காரர். நாலு சிலிண்டர் டைப் 9-ல் முதல் கியர் சின்னதுன்னு தெரிஞ்சுகிட்டு, வி6 எஞ்சினோடு வந்த டைப் 9 தேடி வாங்கினார். அதில் முதல் கியர் 3.36, இரண்டாவது 1.81. நல்ல பெட்டி. எஞ்சின் ஒரு பழைய கார் கடையில் எடுத்த செட்டெக். பெல்ஹவுசிங் மூணாவது இடத்தில். எல்லாத்துக்கும் முன்னாடி எஞ்சின் மவுண்ட்டை சேசிஸில் வெல்டிங் பண்ணியாச்சு.

சேர்க்கப் போனா சேரலை. பெல்ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இடைவெளி விட்டு நின்னுடுச்சு. "அண்ணே, நீளமான போல்ட் போட்டு இழுத்துடலாமா?"ன்னு கேட்டார். பக்கத்து வீட்டில் கார் தொழிற்சாலையில் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆன ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. அவர் சத்தமே போடாமல் நண்பர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி வெச்சுக்கிட்டார். கையால தள்ளி சேரலைன்னா உள்ளே ஏதோ ஒண்ணு முட்டுதுன்னு அர்த்தம், போல்ட் போட்டு இழுத்தா முட்டறது எதுவோ அது உடையும்னு சொன்னார்.

முட்டினது ஷாஃப்ட்டின் மூக்கு. வி6 டைப் 9-ன் இன்புட் ஷாஃப்ட் நாலு சிலிண்டர் பெட்டியில் இருப்பதை விட நீளம். அன்னிக்கு போல்ட் போட்டு இழுத்திருந்தா ஷாஃப்ட் கிராங்க்கை முன்னால தள்ளி, ஓட்டின கொஞ்ச நேரத்தில் த்ரஸ்ட் வாஷரைத் தின்னிருக்கும். சரின்னு நடுவில் ஒரு தடிமனான பிளேட் கொடுக்கலாம்னு யோசிச்சார். பிளேட் கொடுத்தா பெல்ஹவுசிங் பின்னால போகும், அதில் மாட்டியிருக்கிற ஸ்டார்ட்டரின் பல் ஃப்ளைவீலை எட்டாது. கியர்பாக்ஸ் பின்னால நகர்ந்தா புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டணும், கியர் லீவர் ஓட்டை மாறும். ஒண்ணைத் திருத்தினா மூணு கெடும். ஆள் சோர்ந்து போய் காரை தார்ப்பாய் போட்டு மூடிட்டார்.

ஒண்ணரை வருஷம் அப்படியே கிடந்தது. கடைசியில் வி6 பெட்டியை வித்துட்டு சாதாரண நாலு சிலிண்டர் டைப் 9 வாங்கி, டிஃபரன்ஷியலை மட்டும் 3.92-லிருந்து 3.62-க்கு மாத்தினார். வேடிக்கை என்னன்னா, கணக்குப் போட்டுப் பாருங்க: வி6 பெட்டியும் 3.92-ம் சேர்ந்தா முதல் கியரில் 6,000 சுற்றுக்கு மணிக்கு 47.4 கிலோமீட்டர். சாதாரண பெட்டியும் 3.62-ம் சேர்ந்தா 47.3. முதல் கியரில் வித்தியாசம் சைக்கிள் மணி அடிக்கிற அளவு கூட இல்லை. முதல் ரெண்டு கியருக்கு நடுவில் இருக்கிற பள்ளம் ரெண்டு பெட்டியிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு காகிதமும் பென்சிலும் பத்து நிமிஷமும் செலவு பண்ணியிருந்தா ஒண்ணரை வருஷம் மிச்சம்.

கார் இப்போ ஓடுது, நல்லாவே ஓடுது. பையன் ஷெஃபீல்டில் காலேஜ் படிக்கிறான். அது ஸ்டார்ட் ஆன அன்னிக்கு அவன் ஊரில் இல்லை. நண்பர் போனில் சத்தத்தைக் கேக்க வெச்சார். அந்த ஒண்ணரை வருஷத்தைத்தான் வராதுன்னு சொன்னேன். அரைகுறையா நின்னுபோய் "நேரமின்மையால் விற்பனைக்கு"ன்னு விளம்பரத்தில் வர்ற கிட் கார்களைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் தான் வருது.

இன்னொண்ணும் இருக்கு. செவன் மாதிரி காரில் ஓட்டுநரின் கால் எங்கே இருக்கும் தெரியுமா? பெல்ஹவுசிங்குக்குப் பக்கத்திலேயே, ஒரு மெல்லிய தகடு மட்டும் நடுவில். உள்ளே சுத்தறது கிலோக்கணக்கில் எடையுள்ள வார்ப்பு இரும்பு ஃப்ளைவீல், நிமிஷத்துக்கு ஆறாயிரம் தடவை. பழைய ஃப்ளைவீல் போல்ட்டை மறுபடி போடறது, கைக்குக் கிடைச்ச ஃப்ளைவீலைக் கடைசல் பண்ணி ஒல்லியாக்கறது, டவல் இல்லாமல் கிளட்ச் கவரை மாட்டறது இதெல்லாம் காரோட விளையாடறது இல்லை, காலோட விளையாடறது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லணும், இல்லேன்னா அது நியாயம் இல்லை. "கலந்து கட்டறதில் தான் சுகமே, ஒரே காரில் எடுத்துப் போடறதுக்கு எதுக்கு கிட் கார்?"னு கேப்பாங்க. ரெண்டாவது, மூணாவது கார் கட்டறவங்களுக்கு அது சரி. "அடாப்டர் செட்டே விக்கிறாங்களே"ன்னு கேப்பாங்க. ஆமா, நல்ல செட்டும் இருக்கு. ஆனா பெல்ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்பிகாட், ரிலீஸ் பேரிங் அஞ்சையும் ஒரே இடத்தில், ஒண்ணுக்கொண்ணு பொருந்தும்னு சொல்லி விக்கறவங்ககிட்ட வாங்குங்க. நாலை அங்கே வாங்கி அஞ்சாவதை பத்து பவுண்டு மலிவுன்னு வேற இடத்தில் வாங்கினா, அந்த அஞ்சாவது தான் வேலையைக் காட்டும். "சியராவே கிடைக்கலையே, எங்கே ஒரே காரில் எடுக்கிறது?" இது தான் கனமான கேள்வி. 2007-ல் கிறிஸ் கிப்ஸ் சியராவை வெச்சு இதே மாதிரி ஒரு புத்தகம் எழுதினப்பவே அந்தக் கார் ரோட்டில் அருகிக்கிட்டு வந்துச்சு. இப்போ அதற்கான பதில் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் வந்த கார், எஞ்சின் நெடுக்குவாட்டில், பின்சக்கரம், எடையும் கம்மி. முதல் தலைமுறையின் அஞ்சு கியர் பெட்டியில் முதல் கியர் 3.136, இரண்டாவது 1.888. சின்ன காருக்குன்னே போட்ட விகிதம். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் நாலும் ஒரே குடும்பம். அதை டோனரா வெச்சு நிறைய கிட் வருது. பழமைவாதிகள் மூஞ்சியைச் சுளிப்பாங்க. சுளிக்கட்டும், வண்டி ஓடுதில்லையா.

அரசாங்கம் கூட என் கட்சி தான். மாற்றிக் கட்டிய வண்டி பழைய நம்பரை வெச்சுக்கலாமான்னு பாக்க டிவிஎல்ஏ பல வருஷமா ஒரு புள்ளிக் கணக்கு வெச்சிருந்தது. சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்சிலுக்கு 2, டிரான்ஸ்மிஷனுக்கு 2, ஸ்டீயரிங்குக்கு 2. எஞ்சினுக்கு? ஒண்ணே ஒண்ணு. :-)

ஊரிலிருந்து படிக்கிறவங்க "நம்ம ஊரில் பண்ணலாமா?"ன்னு கேப்பீங்க. ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிக்குது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டது. ஆனா ரேஸ் மைதானத்துக்குன்னு கோயமுத்தூரில் ஒருத்தர் என்னிக்கோ செஞ்சு காட்டிட்டார். எஸ்.கரிவரதன். மாருதி 800-ஐ வெச்சு ஃபார்முலா மாருதி என்கிற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினவர். 1995-ல் விமான விபத்தில் போயிட்டார். கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரில் தான் இருக்கு. வெளிநாட்டு எஞ்சினைத் தேடாமல், தெருவுக்குத் தெரு ஸ்பேர் கிடைக்கிற ஒரே காரை எடுத்துக்கிட்டது தான் அவர் சாமர்த்தியம். அதனால தான் எத்தனையோ பசங்க கைக்கு எட்டற செலவில் ரேஸ் ஓட்டக் கத்துக்கிட்டாங்க.

ஆக, கட்டப் போறவங்களுக்கு என் யோசனை இவ்வளவு தான். காரின் எடை, டயர், டிஃபரன்ஷியல் மூணையும் எழுதி கியர் கணக்கு போடுங்க. அதுக்கேத்த பெட்டியைத் தேர்ந்தெடுங்க. அந்தப் பெட்டிக்கு எந்தெந்த எஞ்சின் சிக்கலில்லாமல் வரும்னு பாருங்க. எல்லாத்தையும் தரையில் வெச்சு, சேசிஸ் இல்லாமல், ஒரு தடவை பூட்டிப் பாருங்க. பெல்ஹவுசிங் கைத்தள்ளலில் போய் உக்காரணும், கிளட்சை மிதிச்சா ஷாஃப்ட் கையால சுத்தணும், ஸ்டார்ட்டர் கடிக்கணும். எஞ்சினின் ஆயில் தொட்டி தரைக்கு எவ்வளவு தாழ்வா வருதுன்னும் அப்பவே அளந்துடுங்க, செவன் தாழ்ந்த கார். அதுக்கப்புறம் வெல்டிங் மெஷினைத் தொடுங்க.

பி.கு: மறுத்துப் பேசறவங்க தாராளமா பேசலாம். ஆனா எத்தனை குதிரைன்னு மட்டும் சொல்லாதீங்க, முதல் கியரில் எத்தனை கிலோமீட்டர்னு சொல்லுங்க.